வடைப் பெட்டியில் ஒரு குடியேற்றம்

சிறுபோக விதைப்புக்காகக் குளத்தின் துருசுக் கதவைத் திறந்து, எங்கள் காணிப் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த அன்றுதான் என் தங்கை பெரியபிள்ளையானாள். அம்மா அவளைப் பின்னறையில் இருத்தி, வாசலில் பழஞ்சேலை ஒன்றைத் தொங்கவிட்டார். அவள் அழுதாள். வெட்கத்தில் அழுகிறாள் என்று நினைத்து அயல்வீட்டுப் பெண்கள் தேற்றினார்கள். அவள் அழுதது வாய்க்காலுக்காக. வருஷம் முழுவதும் அவள் பார்த்திருப்பது அந்தத் தண்ணீரைத்தான். தண்ணீரோடு மீன்கள் வரும். மீன்களுக்குப் பின்னால் பாவாடையைச் செருகிக்கொண்டு அவள் போவாள். இந்த முறை மீன்கள் அவளில்லாமலே போய்க்கொண்டிருந்தன.

நான் அப்போது எஸ்.எஸ்.சி. சோதனை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அக்கராயனில் காணி எடுத்துக் காடு வெட்டிய குடும்பம் எங்களுடையது. அந்தக் குடும்பத்தில் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. எங்கள் தகப்பனாரை நாங்கள் ஐயா என்போம். ஐயா காணிக் கந்தோருக்குப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போய், தான் பேச வேண்டியதை என்னைப் பேசச்சொல்லிவிட்டுப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பார்.

பெரியபிள்ளையான பெண் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குக் கிளிநொச்சி பஸ்ஸில் ஏறுவது எங்கள் குடியேற்றத்தில் அபூர்வம். என் முறை வந்தபோது நான் சோறு தின்னாமல் கிடந்துதான் ஏறினேன். தங்கைக்காகவும் சண்டை பிடிக்க ஆயத்தமாகவே இருந்தேன். ஆனால் சண்டை பிடிக்க எதிரில் ஆளில்லை. அவள் விரும்பினால் போகட்டும் என்று ஐயா சொல்லிவிட்டார். அவள் விரும்பமாட்டாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அவளும் ஒளிக்கவில்லை.

“எனக்குப் படிச்சது காணும் அக்கா. வாய்க்காலுக்கு விட்டால் காணும்.”

சித்திரை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறப்பதற்குள் அவள் மனதை மாற்றவேண்டும். பேசிப் பார்த்தேன், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். புத்தகம் கொடுத்தேன், அதன் மேல் தலையை வைத்து நித்திரையானாள். மீனைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழும்பி உட்கார்ந்தாள்.

அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு கத்தரிக்காயும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும்தான். நல்லெண்ணெய் முடிந்து, வாங்கிவர அம்மா என்னைக் கிளிநொச்சிக்கு அனுப்பினார். பஸ் நிற்கும் இடத்தில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்தவர் முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர். எல்லோருக்கும் அவர் நானா. வடை வைக்கும் பழைய கண்ணாடிப் பெட்டியை அவர் கடைக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தார். நாலு பக்கமும் கண்ணாடி, இரும்புச் சட்டம், அடியில் தகரம், மேலே தூக்கித் திறக்கும் மூடி. மடியில் வைத்துக் கட்டிப்பிடிக்கக் கூடிய அளவு. அதைப் பார்த்ததும் எனக்கு வாய்க்காலை அறைக்குள் கொண்டுவரும் வழி தெரிந்துவிட்டது.

ஒரு வாழைக்குலைக்குத் தருவதாக நானா சொன்னார். எதற்கு என்று கேட்டார். மீன் விட என்றேன். கடையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“இதுக்குள்ள வடை ஒருநாளும் கெட்டதில்ல தங்கச்சி,” என்றார் நானா. “மீன் கெட்டா என்னட்ட வராதீங்க.”

ஆனால் ஒழுகாமல் இருக்க வழியும் அவரே சொன்னார். முல்லைத்தீவில் வள்ளத்துக்குப் பூசுவதுபோலக் குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் உருக்கி மூலைகளில் பூசச் சொன்னார். அடுத்த நாள் ஐயா வண்டிலில் குலையை ஏற்றிப் போய்ப் பெட்டியோடு வந்தார். குங்கிலியம் பூசிக் காயவைத்தோம். வீடு முழுவதும் கோயில் வாசம். பிறகு மூலை ஒன்றில் ஒழுகியது. திரும்பவும் பூசினோம்.

அம்மாவின் தடை அதற்குப் பிறகுதான் வந்தது. துடக்குத் தீட்டு கழியும்வரை தங்கைக்கு மீன் மச்சம் ஆகாது. அவள் இருக்கும் அறைக்குள் மீனைக் கொண்டுபோய் வைக்க ஆர் சொன்னது? உடனே சேலை மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

“தின்னத்தானே அம்மா கூடாது. பாக்கக் கூடாதெண்டு எங்கை இருக்கு?”

அம்மாவுக்கு அது எங்கேயும் இருப்பதாகத் தெரியவில்லை. பெட்டி உள்ளே போனது.

முதல் குடியேற்றத்தை நானே நடத்தினேன். அத்தாங்கை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, வலைக்குள் வந்தவற்றில் வடிவானவற்றைத் தெரிந்தெடுத்தேன். வெள்ளிக் கெண்டைக் குஞ்சுகள், உடம்பில் சிவப்புக் கோடு ஓடிய ஒரு விரால் குஞ்சு, ஒரு பனையேறி, குளங்களில் புதிதாகப் பெருகியிருந்த ஜப்பான் மீனின் குஞ்சு ஒன்று. எதுவும் சின்ன விரலைத் தாண்டாது. எல்லாம் குழந்தைகள்தானே, ஒன்றாக விளையாடும் என்று நினைத்தேன்.

காலையில் கெண்டைகளில் பாதி இல்லை. விரால் குஞ்சின் வயிறு மட்டும் பெருத்திருந்தது. பனையேறி தன் பேருக்குத் தகுந்தபடி, திறந்து கிடந்த மூடியால் ஏறி வெளியேறி, குசினியில் அரிசிப் பெட்டிக்குக் கீழே கிடந்து அம்மாவைக் கத்தவைத்தது. ஜப்பான் மீன் அடியிலிருந்த மணலையெல்லாம் வாயால் அள்ளி ஒரு பக்கத்தில் குவித்து, அந்தக் குழிக்குள் நின்று கண்டவரையெல்லாம் துரத்தியது.

சடங்கு முடியும்வரை ஆண்கள் தங்கையைப் பார்க்கக்கூடாது. ஆகவே ஐயாவுக்கு அறைக்குள் வர முடியாது. பின்னேரம் வயலால் வந்ததும் சேலைக்கு வெளியே நின்று கேட்பார்: “பிள்ளை, இண்டைக்கு ஆர் மிச்சம்?”

முதல் சில நாட்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எனக்கு மானப்பிரச்சினையாக இருந்தது.

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அக்கா, நீ மீனின்ரை நிறத்தைப் பாக்கிறாய். வாயைப் பாக்கமாட்டியே?”

மீனின் வாயைப் பார்த்தால் அது எங்கே இருக்கும், எதைத் தின்னும் என்று சொல்லிவிடலாம் என்பது அவள் கண்டுபிடிப்பு. வாய் மேலே பார்த்திருந்தால் அது தண்ணீரின் மேற்பரப்பில் நின்று நுளம்புப் புழு தின்கிற மீன். வாய் நேரே இருந்தால் நடுவில் ஓடித்திரிகிறது. கீழே பார்த்திருந்தால் மணலைக் கிளறுகிறது. வாய் கண்வரைக்கும் கிழிந்திருந்தால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். அதைக் கேட்டபோது எனக்கும் ஒன்று தோன்றியது. எங்கள் பெட்டியில் எல்லாரும் ஒரே இடத்துக்காக அடிபடுகிறார்கள். ஒவ்வொரு மட்டத்துக்கும் அளவான ஆட்களைக் கொண்டுவந்தால் என்ன? அதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் உடனே பிடித்துக்கொண்டாள்.

“ஓம், காணி பிரிக்கிறமாதிரி. மேல் தண்ணி மேட்டுக்காணி, நடுத் தண்ணி வயல். ஒருத்தன்ரை வரம்பை மற்றவன் வெட்டக்கூடாது.”

குடியேற்றத்தில் பிறந்த பிள்ளைக்கு அதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல வரும்? அதன்படியே நடந்தோம். அவள் அறையிலிருந்து உத்தரவு போட, நான் நடுமத்தியானத்தில் வாய்க்காலில் நின்றேன். வாய் மேலே பார்த்த, நெற்றியில் வெள்ளிப் பொட்டு வைத்த குச்சிமீன்கள் மேலே. கெண்டையில் மிகச் சின்ன இனமும், உள்முள் வெளியே தெரியும் கண்ணாடிக் குஞ்சுகளும் நடுவே. எதைப் பிடித்தாலும் அவளிடம் கொண்டுபோய்க் காட்டவேண்டும். பாதியைத் திருப்பி அனுப்பினாள். வரம்பால் போன அயல்வீட்டு மாமி ஒருவர் நின்று பார்த்துவிட்டு, சோதினை எழுதின பிள்ளைக்கு நல்ல உத்தியோகம் கிடைத்துவிட்டது போல என்றார். சம்பளம் மீனாகத் தருகிறார்கள், உங்களுக்கும் அனுப்பட்டோ என்று கேட்டேன். அவர் பிறகு என்னைச் சீண்டவில்லை.

ஜப்பான் மீனையும் வாய்க்காலில் விட்டோம். ஐயாவுக்கு வந்த பதில் இப்போது மாறியது: “எல்லாரும் இருக்கினம்.” ஆனால் தங்கைக்குத் திருப்தியில்லை. அடிக்காணி வெறுமையாகக் கிடந்தது. அங்கே குடியிருக்க, மணலைக் கிளறிக் குடும்பம் நடத்தக்கூடிய, ஆனால் பெட்டிக்குப் பெரிதாக வளராத ஒரு மீன் வேண்டும். அது எது என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. பூநகரியில் அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வயலும் செய்து கடலோரக் களப்பில் வலையும் போடுகிறவர். அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது களப்போரத்தில் அவள் ஒரு மீனைக் கண்டிருக்கிறாள். பெரிய காசளவு வட்டம், மஞ்சள் உடம்பு, பக்கத்தில் கறுப்புப் பொட்டு. நாங்கள் அதற்கு மஞ்சள் வட்டன் என்று பேர் வைத்தோம். அதுவும் ஜப்பான் மீனும் சிக்லிட் என்ற ஒரே பெரிய குடும்பத்தைச் சேர்ந்தவை என்றும், வட்டன் அந்தக் குடும்பத்தின் குள்ளர்களில் ஒன்று என்றும் பிறகு ஒரு புத்தகத்தில் வாசித்தேன். தங்கையிடம் சொன்னேன். சொந்தக்காரர் என்றபடியால்தான் இரண்டும் காணிக்குச் சண்டை பிடிக்கின்றன என்றாள்.

சடங்குக்குச் சீர் கொண்டுவர வேண்டியவர் தாய்மாமன். மருமகளுக்கு என்ன சேலை விருப்பம் என்று மாமா ஆள் விட்டுக் கேட்டிருந்தார். தங்கை சொல்லியனுப்பியது சேலையை அல்ல. அம்மா தலையில் கைவைத்தார். களப்பு மீனைச் சீராகக் கேட்ட பெண்ணை ஊர் என்ன சொல்லும்?

மாமா இரண்டையும் கொண்டுவந்தார். பூநகரியிலிருந்து வரும் பஸ்ஸே குறைவு. அதில் மடியில் சேலைப் பொட்டலமும், காலுக்கிடையில் வாய்க்குச் சீலை கட்டிய மண்குடமுமாக வந்து இறங்கினார். வழி முழுவதும் பஸ்ஸில் இருந்தவர்கள் மாறி மாறிக் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்களாம். கறிக்கோ என்று கேட்டவர்களுக்கு, இது சம்பந்தம் பேசப் போகிற மாப்பிள்ளை ஆட்கள் என்று சொன்னாராம்.

குடத்துத் தண்ணீர் பாதி உப்பு. எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர். உடனே மாற்றினால் தாங்குமோ என்று நான் பயந்தேன். மாரியில் களப்பும் நல்ல தண்ணீராகத்தான் கிடக்கும், ஆனால் ஒருநாளில் அப்படி ஆவதில்லை என்று மாமா சொன்னார். அதைக் கேட்டு, மாரி மழை பெய்வதுபோலக் குடத்துக்குள் ஒவ்வொரு சிரட்டையாக எங்கள் தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நாள்தான் வட்டன்கள் பெட்டிக்குள் போயின. இறங்கியதும் வெளிறிப் போய் மூலையில் ஒதுங்கின. மத்தியானத்துக்குள் அவற்றில் இரண்டு சோடி சேர்ந்துகொண்டன. எந்தச் சாதகமும் பார்க்கவில்லை. சேர்ந்த கையோடு மற்ற வட்டன்களை இருக்கவிடாமல் விரட்டத் தொடங்கின. அடிக்காணி ஒரு குடும்பத்துக்குத்தான் காணும் என்று தெரிந்தது. மிச்சத்தைக் கிணற்றில் விட்டோம். நுளம்புப் புழுவைத் தின்று சுகமாக இருந்தன.

சடங்கன்று மாமா தேங்காய் உடைத்துத் தண்ணீர் வார்த்தார். அறையைக் கழுவவேண்டும் என்பதால் பெட்டி விறாந்தைக்கு வந்தது. அது பெரிய பிழை. மாமாவின் சேலை உடுத்தி, நகை போட்டு, பூ வைத்து மணையில் இருந்த தங்கையைப் பார்க்க வந்த சனமெல்லாம் விறாந்தையில் வடைப் பெட்டியைச் சுற்றி நின்றது. ஆலத்தித் தட்டோடு உள்ளே நின்ற பெண்கள் ஆட்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. அம்மாவுக்கு முதலில் கோபம். பிறகு, இந்த மஞ்சள் மீன் எங்கே பிடித்தது என்று ஒரு பெண் கேட்க, “என்ரை தம்பி பூநகரியாலை கொண்டந்தது” என்று அம்மா சொன்னபோது அந்தக் குரலில் கோபமில்லை.

ஐயா அன்றைக்குத்தான் பெட்டியை முதன்முதலாகக் கண்டார். வேட்டியை மடித்துக்கொண்டு முன்னால் குந்தினார். மேலே பொட்டுக்காரர், நடுவே கெண்டைகளும் கண்ணாடிக் குஞ்சுகளும், கீழே வட்டன்கள். மணையிலிருந்து எழும்பி வந்த தங்கை காணிக்கணக்கை விளக்கினாள். ஐயா எழும்பிப் போய், வாய்க்கால் பக்கத்திலிருந்து முட்டையளவு கல்லுகள் சில கழுவிக்கொண்டு வந்து, வட்டன்களின் இடத்தைச் சுற்றி ஒவ்வொன்றாக இறக்கினார். எல்லைக்கல் இல்லாமல் காணி கொடுக்கக்கூடாது என்றார். உள்ளே கிடந்த உடைந்த சட்டித்துண்டையும் நேராக நிமிர்த்தி வைத்தார். எங்கள் ஐயா அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் இருந்து நான் கண்டதில்லை.

ஆனால் அன்றைக்கே எனக்குக் கவலையும் வந்தது. பந்தியில் பெரியம்மா ஒருவர், இனி என்ன, தாய்க்கு உதவியாக வீட்டில் இருக்கட்டும் என்றார். தங்கை பாயாசத்தைக் குடித்துக்கொண்டே ஓம் என்று தலையாட்டினாள். ஐயா என்னைப் பார்த்தார். பிறகு பார்வையை இலைக்குத் திருப்பினார்.

அந்தக் கிழமையே சோதனை முடிவு வந்தது. நான் பாஸ். மேல் வகுப்புக்கு அதே கிளிநொச்சிப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. நானா என்னைக் கண்டதும் ஒரு வடையைக் கையில் வைத்து, மீன் என்ன மாதிரி என்று மட்டும் கேட்டார். எனக்குச் சந்தோஷம் பாதிதான். பஸ்ஸில் என் பக்கத்து இடத்தைப் பற்றியே நினைவு.

பள்ளிக்கூடம் திறக்க இருந்த கிழமை, விடியற்காலையில் தங்கை என்னை உலுக்கி எழுப்பினாள். சட்டித்துண்டின் உட்பக்கத்தில் வட்டன்கள் முட்டையிட்டிருந்தன. தினையரிசியைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைத்தது போல. சோடிக்கு நிறமே மாறிவிட்டது: மஞ்சள் கொழுத்து, வயிற்றுப் பக்கம் கரி பூசியது போலக் கறுத்திருந்தது. ஒன்று முட்டைகளுக்கு முன்னால் நின்று செட்டையால் விசிறியது. மற்றது ஐயாவின் எல்லைக்கல்லில் காவல் நின்றது. ஒரு கெண்டை தெரியாமல் கல்லுக்கு இப்பால் வந்ததும் பாய்ந்து மேலே விரட்டிவிட்டு, திரும்பி வந்து இடம் மாறிக்கொண்டது.

தங்கையின் கேள்விகள் தொடங்கின. ஏன் விசிறுது? ஏன் கறுத்தது? முட்டைக்குள்ளை இருக்கிறதுக்கு ஆர் மூச்சுக் குடுக்கிறது? மற்ற மீனெல்லாம் முட்டையைப் போட்டுவிட்டுப் போகும்போது இது மட்டும் ஏன் நிற்கிறது?

அந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தவள் நான். ஏதாவது சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, தெரியாது என்றேன். மேல் வகுப்பில் உயிர்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறதாம், அதில் வரும் போல என்றேன்.

“அப்ப நீ படிச்சுப்போட்டு வந்து எனக்குச் சொல்லு,” என்றாள், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நான் சொன்னால் நம்புவியோ? வடிவைப் பாத்து விரால் குஞ்சை விட்டவள் நான். வேணுமெண்டால் நீயே வந்து படி.”

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் நெற்றியைச் சுருக்கினாள். விரால் குஞ்சை அவள் மறந்திருக்கவில்லை. மேல் வகுப்புக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று கேட்டாள். சொன்னேன். பெருமூச்சு விட்டாள். கண்ணாடியில் மூக்கு முட்டக் குனிந்திருந்தாள். கடைசியில், “நீ பிழையாத்தான் கேட்டுக்கொண்டு வருவாய்” என்றாள். எனக்குக் கேட்க வேண்டியிருந்த சொல் அதுதான்.

ஆனால் உடனே வேறு தடை. “நான் போனால் இதுகளை ஆர் பாக்கிறது? சாப்பாடு ஆர் போடுறது?”

குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. அம்மா உள்ளிருந்தே சொன்னார்.

“நான் பாக்கிறன்.”

மச்சம் என்று பெட்டியை வாசலில் மறித்தவர். மகள் வீட்டில் இருந்தால் தனக்குக் கைக்குதவி என்று நினைத்திருந்தவர். விறாந்தையில் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஐயா அதைக் கீழே வைத்தார். பிறகு, இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் பஸ்ஸடிக்குக் கொண்டுபோக ஏலுமோ என்று தன்பாட்டில் கேட்டார். மறுநாளே சைக்கிளுக்குப் பின்சீற் இறுக்கிக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் திறந்தது. என் பக்கத்து இடத்தில் தங்கை இருந்தாள். நாங்கள் பஸ்ஸில் இருக்கும் நேரத்தில் முட்டைகள் பொரித்தன. பின்னேரம் வந்து பார்த்தபோது வாலுள்ள புள்ளிகள் ஒரு குழிக்குள் துடித்துக்கொண்டிருந்தன. அவை நீந்தத் தொடங்கியதையும் அம்மாதான் முதலில் கண்டார். சுளகில் அரிசி புடைக்கும் வேலை விறாந்தைக்கு, பெட்டிக்கு முன்னால் வந்துவிட்டது. ஒருநாள் நாங்கள் படலையைத் திறக்க முன்னரே அம்மா எழும்பி வந்தார். குஞ்சுகள் தாயின் உடம்பிலும் தகப்பனின் உடம்பிலும் வாய் வைத்து எதையோ மேய்கின்றனவாம். இரண்டும் அசையாமல் நின்று கொடுக்கின்றனவாம்.

“பால் குடிக்கிறமாதிரி,” என்றார் அம்மா. “தகப்பனும் குடுக்குது பிள்ளை.”

தங்கை நம்பவில்லை. நாங்கள் பார்த்தபோது குஞ்சுகள் வெறுமனே நீந்திக்கொண்டிருந்தன. மறுநாள் காலையில் அவள் எழும்பவில்லை. தலையிடி என்றாள். சட்டை போடவில்லை, பெட்டிக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டாள். ஐயா சைக்கிளோடு படலையில் நிற்கிறார், பஸ் வரும் நேரம், நான் கெஞ்சுகிறேன். அவளுக்கு அதைத் தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அம்மா குசினியிலிருந்து அகப்பையோடு வந்தார்.

“எழும்பு. பாக்கிறது என்ரை வேலை. ஏனெண்டு படிச்சுக்கொண்டு வந்து எனக்குச் சொல்லுறது உன்ரை வேலை.”

தங்கை அகப்பையைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எழும்பி, சட்டையை மாட்டி, பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள். சைக்கிளின் பின்சீற்றில் அவளும் முன்னால் நானும். வளைவில் திரும்பும்போது நான் எட்டிப் பார்த்தேன். அம்மா சுளகை மடியில் வைத்துக்கொண்டு, வடைப் பெட்டியின் கண்ணாடிக்கு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.